கதவு சாத்தியதும் நின்ற மூச்சு

கதிர் சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் புது எந்திரத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டதற்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நன்றி இரண்டு வரியில் முடிந்துவிடும். அன்றைக்கு நான் பாதியில் விழுங்கிய பேச்சு ஒன்று இருக்கிறது. அது இரண்டு வரியில் அடங்காது. ரிட்டையர் ஆன கிழவிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டாவது படியுங்கள்.

உங்களில் ஒரு பெண், மார்பகப் புற்றுநோய்க்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் மைக்கில், "மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்க" என்றாள். திரையில் அவருடைய மூச்சு ஒரு கோடாக ஏறி நின்றது. கோடு உரிய இடத்தில் நின்ற நேரம் மட்டும் கதிர் பாய்ந்தது. அவர் மூச்சை விட்டதும் எந்திரம் தானாக நின்றது. நெஞ்சு நிறையக் காற்றைப் பிடித்தால் இதயம் கதிரின் பாதையை விட்டு விலகிக்கொள்ளும், இடது பக்கத்து நோய்க்கு இது பெரிய பாதுகாப்பு என்று எனக்குப் பாடமும் நடத்தினீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். சிரிப்பு எதற்கென்றால், இதே ஈப்போவில், எண்பதுகளின் தொடக்கத்தில், மூச்சைப் பிடிக்காதீர்கள் என்று ஒரு பெண்ணிடம் நான் மன்றாடியிருக்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே கதிர் கொடுக்க ஒரே ஒரு கோபால்ட் எந்திரம். தெலுக் இந்தானிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் விடியலில் பஸ் ஏறி ஆட்கள் வருவார்கள். மூச்சைக் காட்டும் திரை எல்லாம் எங்களிடம் கிடையாது. நோயாளியைப் படுக்கவைத்து, அவர் சாதாரணமாக மூச்சு விடும்போது படம் எடுப்போம். அதைப் பார்த்து டாக்டர் எல்லை போட்டுக் கொடுப்பார். அந்த எல்லையை நெஞ்சில் ஊதா மையால் கோடாக இழுத்துவைப்போம். மூச்சில் நெஞ்சு கொஞ்சம் ஏறி இறங்கும் என்று தெரிந்துதான் சுற்றிலும் ஒரு விரற்கடை இடம் விட்டிருப்பார் டாக்டர். மூச்சு விஷயத்தில் எங்கள் ஏற்பாடு அவ்வளவே. தினமும் கோட்டுக்கு நேராக, கதிர் விழும் இடத்தைக் காட்டும் விளக்கு வெளிச்சத்தை வைப்போம், "ஆடாம படுத்திருங்க" என்போம், வெளியே வந்து அந்தக் கனத்த கதவைச் சாத்துவோம். கதிர் பாயத் தொடங்கியதும் சிவப்பு விளக்கு எரியும். ஈயக் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே ஒரு கண், நேரம் காட்டும் முள்ளில் ஒரு கண்.

பவுனம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். பாதித் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள், மீதிப் பாதியில் அவர் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இடது மார்பை அறுவையில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி நோய் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அழிப்பதற்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவருடைய மூத்த மகன் லூமுட்டில் கடற்படையில் இருந்தான். "மவன் தீவாளிக்கு லீவுல வாரப்ப நான் எழுந்து நடமாடணும் மிஸ்ஸி" என்று முதல் நாளே சொன்னார். அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். வேறு எதையும் கேட்கமாட்டார். தோட்டத்து ஆட்கள் வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸியிடம் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் இல்லை. சொன்னதைச் செய்வார்கள், சொல்லாததை அவர்களாகவே ஊகித்துச் செய்வார்கள்.

படுக்கச் சொன்னால் படுப்பார். கையைத் தூக்கி வைக்கச் சொன்னால் வைத்த கை வைத்தபடியே இருக்கும். என்னோடு வேலை பார்த்த மணியம், புந்தோங் பையன், வாய்த்துடுக்கு உள்ளவன். "அக்கா, பவுனம்மா மாதிரி பத்து பேரு வந்தா நம்ம வேல மத்தியானமே முடிஞ்சிரும்லா" என்பான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

போகப் போகப் பவுனம்மா வாடிக்கொண்டே வந்தார். எந்திரத்துக்கு அடியிலிருந்து எழும்போது முகத்தில் வியர்வை வழியும், உதடு வெளுத்திருக்கும். கதிர் வைத்தால் உடம்பு அசதியாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் எல்லாரும் அதையே சொன்னோம். டாக்டர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. நல்லாச் சாப்பிடுங்க, தூங்குங்க என்றோம். சரி மிஸ்ஸி, சரி மிஸ்ஸி என்று தலையாட்டினார்.

ஒரு திங்கட்கிழமை காலை உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தவர், கட்டிலில் ஏறாமல் நின்றார்.

"இன்னையோட போதும் மிஸ்ஸி. நாளைலேர்ந்து நான் வரல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்போதும் வந்தது. "என்னக்கா வெளயாடுறீங்களா? பாதில விட்டா நோய் சும்மா இருக்குமா? மவன் வாரப்ப நடமாடணும்னு சொன்னது யாரு?" என்று பொரிந்து தள்ளினேன். அவர் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். அந்த அடக்கம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வெளிச்சத்தைக் கோட்டில் வைத்தேன், ஆடாம இருங்க என்றேன், கதவைச் சாத்தினேன்.

கோபம் அடங்காததால் அன்றைக்கு நான் முள்ளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக அந்த மனுஷியையே முறைத்துக்கொண்டு நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பவுனம்மாவின் நெஞ்சு மேலே எழும்பி, அங்கேயே நின்றது. இறங்கவில்லை. நானும் காத்திருக்கிறேன், இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கால் விரல்கள் மடங்கின. பிறகு உடம்பே உலுக்கிப்போட ஒரு பெருமூச்சு வெடித்தது. வாயைத் திறந்து இன்னொரு மடக்குக் காற்றை இழுத்து, மறுபடியும் இறுக்கிக்கொண்டார்.

நான் எந்திரத்தை நிறுத்தினேன்.

"ஏன்க்கா நிறுத்துனீங்க? இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிட்டுப் போய்ப் பார்க்கலாம்லா" என்றான் மணியம். வெளியே வராந்தா நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் நிறுத்தினால் கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று டாக்டரிடம் போய் நிற்க வேண்டும். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் படத்தில் நாங்கள் பார்த்து எல்லை போட்ட நெஞ்சு அங்கே இல்லையே. வேறொரு நெஞ்சு வீங்கிக்கொண்டு கிடந்தது. கதிர் எங்கே படுகிறது என்று தெரியாமல் மிச்சத்தையும் கொடுத்து முடிப்பதில் என்ன இருக்கிறது?

கதவைத் திறந்ததும் பவுனம்மா துள்ளி எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"விட்டுட்டேன் மிஸ்ஸி. மூச்ச விட்டுட்டேன். புடிச்சுத்தான் பாக்குறேன், முடியல. அதான் வரலன்னு சொன்னேன். என்னால ஆவாது."

"மூச்ச யாருக்கா புடிக்கச் சொன்னா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இது என்ன கேள்வி என்ற திகைப்பு இருந்தது. "வேன்ல அப்படித்தானே மிஸ்ஸி? தாரிக் நாஃபாஸ், தாஹான்னு கத்துவாங்க. மூச்சு விட்டா படம் கெட்டுப்போயிரும். கெட்டுப்போனா ஏசிட்டு, மறுபடி வரிசையில கடைசிக்குப் போவச் சொல்லுவாங்க."

எனக்குப் புரிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் காசநோய் பார்ப்பதற்காகத் தோட்டம் தோட்டமாக எக்ஸ்ரே வேன் வரும். சாயங்காலம், தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, நெஞ்சைத் தட்டில் ஒட்டச்சொல்லி, மூச்சை இழு, பிடி என்று மலாயில் அதட்டுவார்கள். சிறு வயதிலிருந்து பவுனம்மாவுக்குத் தெரிந்த எந்திரம் அது ஒன்றுதான். எந்திரத்தின் முன்னால் நல்லபடியாக நடந்துகொள்வது என்றால் மூச்சைப் பிடிப்பது. நாங்கள் வேறு ஆடாதீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். வேனில் ஒரு நொடி பிடித்தால் போதும். இங்கே எந்திரம் நிமிடக்கணக்கில் இரைகிறது. அத்தனை நேரமும் மூச்சைப் பிடிப்பதுதான் தன் பங்கு வைத்தியம், அது தன்னால் முடியவில்லை, அதனால் தனக்கு நோய் போகாது என்று அந்த மனுஷி முடிவு கட்டிவிட்டிருந்தார். இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு தினமும் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"இது படம் இல்லக்கா. நீங்க தாராளமா மூச்சு விடலாம்" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

"அப்ப இதுவரைக்கும் வச்ச கரண்டு எல்லாம் வீணா மிஸ்ஸி?"

பிள்ளைகளே, இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கும் வரும். வந்தே தீரும். வாசலில் நின்ற மணியம், "ஒண்ணும் ஆவலன்னு சொல்லிருங்கக்கா" என்று முணுமுணுத்தான். நாக்கு நுனி வரை எனக்கும் வந்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியாது. "டாக்டரக் கூட்டியாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

எங்கள் டாக்டர் மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆங்கிலம்தான். நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். பவுனம்மாவைப் படுக்கவைத்து, விளக்கு வெளிச்சத்தைப் போட்டு, கதவு சாத்தியிருக்கும்போது எப்படி மூச்சைப் பிடிப்பீர்களோ அப்படிப் பிடியுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். பவுனம்மா பிடித்தார். ஊதாக் கோடு வெளிச்சத்தை விட்டு நகர்ந்தது. டாக்டர் விட்டிருந்த விரற்கடையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"டாக்டர், அகலத் துணியால் நெஞ்சைச் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாமா?" என்று மணியம் கேட்டான். மோசமான யோசனை இல்லை அது. சில இடங்களில் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் ஏற்கெனவே மூச்சு முட்டிப் பயந்துபோயிருக்கும் ஒருத்தரைக் கட்டிப்போட்டால் மறுநாள் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? வேண்டாம் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இவருடைய சாதாரண மூச்சுக்குத்தான் நான் எல்லை போட்டிருக்கிறேன். எனக்கு அந்த மூச்சு வேண்டும். நாளைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று நீங்கள் பாருங்கள்."

"இதுவரை கொடுத்தது வீணா என்று கேட்கிறார், டாக்டர்."

"பெரும்பகுதி பட்டிருக்கும். அக்குள் பக்கத்து ஓரத்தில் குறைந்திருக்கலாம். அந்த ஓரத்துக்குக் கடைசியில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம். எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது. அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?"

நானே சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பெரும்பகுதி பட்டிருக்கும்க்கா, ஓரத்தில் குறைந்திருக்கலாம், எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாது, அதைச் சரிக்கட்டப் பார்க்கிறோம், ஆனால் நீங்கள் வந்தால்தான் முடியும் என்றேன். பவுனம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பொய் சொல்லியிருந்தால் கட்டாயம் வந்திருப்பார் என்ற எண்ணம் என்னைப் போட்டு அரித்தது. மணியமும் அதைத்தான் நினைக்கிறான் என்று அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேலை பார்த்ததிலேயே தெரிந்தது.

மறுநாள் அவருடைய நேரம் தாண்டியது. அடுத்த ஆளை உள்ளே அனுப்பினேன், அதற்கடுத்த ஆளையும் அனுப்பினேன். வராந்தாவை எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு பவுனம்மா வந்தார். செம்மோரில் பஸ் நின்றுபோய்விட்டதாம். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "ஏன்க்கா இவ்ளோ லேட்டு?" என்று ஏசினேன். அவர் சிரித்தார்.

வந்தாரே தவிர, மூச்சு வந்தபாடில்லை. உள்ளே நான் பக்கத்தில் நிற்கும்வரை நெஞ்சு அழகாக ஏறி இறங்கும். கதவு சாத்தினால் போதும், நின்றுவிடும். கதிரைத் தொடங்காமல் மைக்கில், "மூச்சு விடுங்கக்கா" என்றேன். உடனே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கும்போது விடுவதுபோல், கட்டிலே அதிரும்படி இழுத்து இழுத்து விட ஆரம்பித்தார். "அவ்ளோ வேணாம்க்கா, கொஞ்சமா" என்றால் திக்கித் திக்கிக் கொஞ்சமாக விட்டார். மணியம் தலையில் கைவைத்துக்கொண்டான். மூச்சைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே மூச்சு கெட்டுப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்களும் இதை மறக்காதீர்கள். மூச்சு, நாம் கவனிக்காத வரைக்கும்தான் தன்போக்கில் இருக்கும்.

வேறு ஏதாவது பேச வேண்டும். சமையலைப் பேசினேன், என் சமையலைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார், சிரித்தால் நெஞ்சு குலுங்குகிறது. மகனைப் பற்றிப் பேசினால் கண் கலங்கும், அதுவும் கூடாது. சிரிப்பும் வரக்கூடாது, அழுகையும் வரக்கூடாது, காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் சுவாரசியம் கெட்ட விஷயம் எது என்று யோசித்தபோது, அவர் ஏறி வந்த பஸ் நினைவுக்கு வந்தது.

"அக்கா, வீட்டுக்குப் போற பஸ்ல ஏறிட்டீங்க. ஜன்னல் ஓரத்துல எடம் கெடச்சிருச்சு. டிக்கெட் எடுத்தாச்சு. பஸ் பொறப்பட்டு டவுன விட்டு வெளிய போவுது. தாசேக் வந்தாச்சு. ரெண்டு பேரு எறங்குறாங்க. ஒருத்தரு ஏறுறாரு..."

அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனேன். ஜன்னலில் பார்த்தேன். மடங்கியிருந்த கால் விரல்கள் பிரிந்தன. நெஞ்சு ஏறியது, இறங்கியது. மணியத்துக்குக் கையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை, நெஞ்சும் நிற்கவில்லை.

பவுனம்மாவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சையை முழுதாக முடித்தார். அந்த ஓரத்துக்குக் கூடுதலாகவும் கொடுத்தோம். தீபாவளி கழிந்து மகனோடு வந்து ஒரு டப்பா முறுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சில வருடங்கள் சோதனைக்குத் தவறாமல் வந்தார். பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு, ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.

மூச்சைப் பிடிக்கச் சொல்கிறீர்களா, விடச் சொல்கிறீர்களா என்பது பெரிதில்லை. அளவெடுத்த அன்றைக்கு இருந்த மூச்சுதான் கதிர் பாயும்போதும் இருக்கிறதா, அவரிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா, இந்த இரண்டையும் பாருங்கள். உங்கள் திரையில் கோடு நேராக நின்றாலும் ஒரு தடவை முகத்தையும் பாருங்கள். ஆடாமல் அசையாமல் கிடக்கும் நோயாளியைக் கண்டால் இன்றும் என் கண் முதலில் அவர் நெஞ்சுக்குத்தான் போகும்.

அந்த முதல் நாளில் நான் மைக்கில் ஓட்டிய பஸ் சுங்கை சிப்புட் போய்ச் சேரவில்லை. கந்தான் சுண்ணாம்பு மலை தாண்டியதும் மணியம் என் தோளைத் தட்டினான். மைக்கின் அந்தப் பக்கமிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம். எத்தனை நாள் தூக்கமோ! "எழுப்பவாக்கா?" என்றான். நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். டாக்டர் கேட்ட மூச்சு அதுதான். எந்திரம் ஓயும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்காமல் அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்த சத்தத்தில் பவுனம்மா திடுக்கிட்டு விழித்தார். எந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா மிஸ்ஸி? நான் ஒண்ணுமே செய்யலையே?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. மத்ததெல்லாம் எங்க வேல."

எங்களிடம் வந்த நாளிலிருந்து அவர் ஒரு தடவைகூட எங்கள் முன்னால் வாய்விட்டு அழுததில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு விட்டு விட்டு அழுதார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.